விண்ணப்பத்தில் இல்லாத ஒரு பக்கம்

(வட்டார அளவிலான சிவில் இன்ஜினியரிங் விருது விழா ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். மேஜையில் வரிசையாகக் கேடயங்கள் இருக்கின்றன. எது யாருக்கு என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களிடம் அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் நிலைமை புரிகிறது, சுற்றி வளைக்கப் போவதில்லை.

இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியில் சிவில் இன்ஜினியர்களுக்கென்று ஒரு வட்டார விருது உண்டு. 1818-இல் லண்டனில் சில இளைஞர்கள் கூடித் தொடங்கிய சிவில் இன்ஜினியர்கள் சங்கம்தான் இன்று அந்தப் பகுதியிலும் கிளை வைத்து அதை வழங்குகிறது. ராபர்ட் ஸ்டீஃபன்சன் விருது என்று பெயர். ரயில் என்ஜின் புகழ் ஜார்ஜ் ஸ்டீஃபன்சனின் மகன். அப்பா பெயர்தான் நமக்குப் பாடப்புத்தகத்தில் இருந்தது. மகன் கட்டியவை பாலங்கள்.

அவர் கட்டிய ஒரு பாலம் விழுந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கிலாந்தின் செஸ்டர் நகரத்தில் டீ என்றொரு ஆறு. அதன் மேல் 1846-இல் திறந்த ரயில் பாலம் அது. மூன்று கண்கள், அதாவது தாங்கல்களுக்கு நடுவே மூன்று இடைவெளிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 98 அடி. உத்தரங்கள் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பின் குணம் உங்களுக்குத் தெரியும்: அழுத்தினால் மலை மாதிரி நிற்கும், இழுத்தால் முன்னறிவிப்பில்லாமல் முறியும். உத்தரத்தின் அடிப்பக்கம் எப்போதும் இழுவிசையில்தான் இருக்கும். அதற்காக, இழுவிசையைத் தாங்கக்கூடிய தேனிரும்புக் கம்பிகளைப் பக்கவாட்டில் கட்டி முட்டுக் கொடுத்திருந்தார்கள். போதும் என்று நினைத்தார்கள்.

1847 மே 24. பாலத்தின் தளம் மரப்பலகை. என்ஜினிலிருந்து விழும் தணலில் பலகை தீப்பிடித்துவிடக் கூடாதே என்று அன்றைக்குத்தான் அதன் மேல் சரளைக் கல்லைப் பரப்பினார்கள். நல்ல எண்ணத்தில் செய்த வேலை, பாதுகாப்புக்காகச் செய்த வேலை. ஆனால் கல்லுக்கும் கனம் உண்டல்லவா? மாலையில் வந்த ரயில் கடைசிக் கண்ணில் ஏறியபோது உத்தரம் முறிந்தது. என்ஜின் கரையேறிவிட்டது, பெட்டிகள் ஆற்றில் விழுந்தன. ஐந்து பேர் இறந்தார்கள். ரயில் பாதைகளில் இரும்பை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆராய அரசே ஓர் ஆணையம் அமைக்க வேண்டியதாயிற்று.

ஸ்டீஃபன்சனின் தொழில் அதோடு முடியவில்லை. 1849-இல் நியூகாஸிலில் டைன் ஆற்றின் மேல் இரண்டு அடுக்குப் பாலம் திறந்தார்கள், மேலே ரயில், கீழே சாலை. அங்கே வார்ப்பிரும்பு வளைவுகள் அழுத்தத்தைத் தாங்குகின்றன, இழுவிசை முழுக்கத் தேனிரும்பிடம் போகிறது. எந்தப் பொருளுக்கு எந்த வேலை வருமோ அந்த வேலை. இன்றும் நிற்கிறது.

நான் சொல்ல வந்தது அதற்கும் அப்புறம் நடந்தது. அவர் மேற்படி சங்கத்தின் தலைவரானார். 1856-இல், கட்டுரையொன்றைப் பற்றி ஒரு கருத்து சொன்னார். பெரிய கட்டுமானங்களில் நேர்ந்த விபத்துகளையும் அவற்றைச் சரிசெய்த விதத்தையும் மறைக்காமல் எழுதிவைக்க வேண்டும், இளையவர்களுக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது என்பது அதன் சாரம். பாலம் விழுந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, அந்தப் பாலத்தைக் கட்டியவரே சொல்கிறார்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளாக விருதுக் குழுக்களில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். விண்ணப்பங்களைப் படிப்பது தனிச் சுகம். முதல் பக்கத்தில் ட்ரோன் படம், பெரும்பாலும் அந்தி நேரம். அடுத்து செலவு, காலம், கன்கிரீட்டின் கன அளவு. அப்புறம் "சந்தித்த சவால்கள்". இதில் மழை வரும், போக்குவரத்து நெரிசல் வரும், எதிர்பாராத பாறை வரும். குற்றவாளி எப்போதும் வானமோ பூமியோதான். எங்கள் கணக்கில் ஒரு தப்பு இருந்தது, இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தோம், இப்படித் திருத்தினோம் என்று எழுதிய விண்ணப்பம் நான் பார்த்தவரை ஒன்றே ஒன்று. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

விருது என்ற வழக்கம் இப்படித் தொடங்கவில்லை. சங்கத்தின் முதல் தலைவர் தாமஸ் டெல்ஃபோர்டு 1834-இல் இறந்தபோது பரிசுகளுக்காகப் பணம் எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர் பெயரிலான பதக்கம் கட்டுரைகளுக்குத் தரப்படுகிறது. கட்டிமுடித்தால் மட்டும் போதாது, எப்படிக் கட்டினாய், என்ன தெரிந்துகொண்டாய் என்று மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. நாம் சொல்வதை விட்டுவிட்டோம், படத்தை வைத்துக்கொண்டோம்.

வட்டார விருது எதற்கு, தேசிய விருதே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க சிவில் இன்ஜினியர்கள் சங்கம் 1960-இல் தன் மிகச்சிறந்த சாதனை விருதை முதன்முதலாகக் கொடுத்தபோது அது செயின்ட் லாரன்ஸ் ஆற்று நீர்வழி, மின் திட்டத்துக்குப் போனது. கடலிலிருந்து ஏரிகள் வரை கப்பல் போக வழி செய்த வேலை. யார் குறை சொல்வது? ஆனால் அந்தப் பந்தியில் ஒரு சிறு பாலத்துக்கோ தாங்கு சுவருக்கோ இலை விழாது. வட்டார விருதில் விழும்.

இன்னொன்று, நடுவர் நேரில் போய்ப் பார்க்கலாம். சொல்லாமல் கொள்ளாமல், மழை நாளில் போகலாம்.

அப்படிப் போன ஓர் இடத்தைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். திறந்து நான்கைந்து ஆண்டு ஆன பாலம். திட்ட மேலாளர் லேப்டாப்பில் எல்லாம் காட்டினார், நன்றாகவே பேசினார். பேரிங்கைப் பார்க்க வேண்டும் என்றேன். தூண் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவே உட்கார்ந்து, பாலம் வெயிலில் நீளவும் குளிரில் சுருங்கவும் இடம் கொடுக்கிற சாதனம். பாலத்தின் மூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏணி எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. பராமரிப்பு வேலை பார்க்கிற ஒருவரை அழைத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே புதருக்குப் பின்னாலிருந்து ஒரு மூங்கில் ஏணியை எடுத்து வந்தார். டிராயிங்கில் அப்படி ஒரு ஏணியே கிடையாது, அவர் சொந்தச் செலவில் செய்துவைத்தது.

ஏறிப் பார்த்தால் மேலே விரிவு இணைப்பிலிருந்து, அதாவது தளம் நீளவும் சுருங்கவும் விட்ட இடைவெளியிலிருந்து, தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுகிறது. தூண் தலையில் சகதி. அந்தச் சகதியை வழித்தெடுக்க ஒரு பழைய தோசைத் திருப்பியைக் கம்பியில் கட்டி நீளமாக்கி வைத்திருந்தார். "வாரம் ஒருதரம் வழிச்சுவிட்டா பேரிங் துரு பிடிக்காதுங்க" என்றார். பேரிங்கில் உண்மையிலேயே துரு இல்லை. விரிவு இணைப்பு ஒழுகுவது பெரிய விஷயமில்லை, எல்லாமே ஒருநாள் ஒழுகும். ஒழுகும்போது கீழே ஒரு மனிதன் போய் நிற்க இடம் வைத்தோமா என்பதுதான் கேள்வி. அந்த ஆண்டு தனிநபர் விருதுக்கு வந்த பெயர்களில் ஏணிக்காரர் பெயர் இல்லை. மேலாளர் பெயர் இருந்தது.

தனிநபர் விருதில்தான் எனக்குத் தூக்கம் கெடுகிறது. கட்டியவனைக் கண்டுபிடிப்பது சுலபம். நிறுத்தச் சொன்னவனை எப்படிக் கண்டுபிடிப்பது?

கனடாவில் கியூபெக் பாலம், 1907. கண்ணின் நீளத்தை 1600 அடியிலிருந்து 1800 அடிக்குக் கூட்டினார்கள், கூடுதல் எடைக்கு ஏற்பக் கணக்கை முழுதாகத் திருப்பிப் போடவில்லை. கட்டும்போதே எடையைத் தாங்குகிற கீழ்ப்பக்க இரும்பு உறுப்புகள் நெளிய ஆரம்பித்தன. நார்மன் மெக்ளூர் என்ற இளம் இன்ஜினியர் அளந்து பார்த்து, பயந்து, நியூயார்க்கில் இருந்த ஆலோசகர் தியோடர் கூப்பரிடம் நேரில் போய்ச் சொன்னார். இனி எடை ஏற்ற வேண்டாம் என்று கூப்பர் தந்தியும் கொடுத்தார். தந்தி போனது இரும்பு செய்த நிறுவனத்துக்கு, பாலத்துக்கு இல்லை. ஆகஸ்ட் 29 மாலை, வேலை முடிகிற நேரத்தில் பாலம் சரிந்தது. 75 பேர் செத்தார்கள்.

மெக்ளூரின் பேச்சு ஒரு நாள் முந்தி எடுபட்டிருந்தால்? வேலை நின்றிருக்கும், செலவு ஏறியிருக்கும், அவரை எல்லோரும் திட்டியிருப்பார்கள். விருதுக்கு யாரும் பெயர் கொடுத்திருக்க மாட்டார்கள். விழாத பாலத்தைப் படம் எடுத்துக் காட்டி, இது இவரால் விழவில்லை என்று எப்படி நிரூபிப்பது?

நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தின் தலைமை இன்ஜினியர் வாஷிங்டன் ரோப்ளிங், நீருக்கடியில் அழுத்தக் காற்று அறைகளில் இறங்கி இறங்கி நோயாளியாகிப் படுத்துவிட்டார். பத்து ஆண்டுக்கும் மேலாக அவருக்கும் சைட்டுக்கும் நடுவே நடந்தவர் மனைவி எமிலி. செய்தி கொண்டுபோகப் போனவர், கணக்கும் பொருள்களின் வலிமையும் படித்துக்கொண்டார். பாலம் திறந்தது 1883 மே 24. டீ பாலம் விழுந்ததும் ஒரு மே 24 என்பது சும்மா ஒரு தகவல். எமிலிக்கு எந்தப் பதவியும் இல்லை. நம் விண்ணப்பப் படிவத்தில் "பதவி" என்ற கட்டம் கட்டாயம் நிரப்ப வேண்டியது.

ஆகையால் குழுவிடம் என் வேண்டுகோள். படிவத்தில் ஒரு பக்கம் கூட்டுங்கள். "எங்கே தவறினோம், யார் கண்டுபிடித்தார், என்ன மாற்றினோம்." அதற்கும் மதிப்பெண் வையுங்கள். திறப்பு விழா முடிந்த சூட்டில் விருது தராமல் ஐந்து மழைக்காலம் போகவிடுங்கள். கட்டாமலே காரியத்தை முடித்தவர்களுக்கும், அதாவது பழைய கட்டுமானத்தை வலுப்படுத்திப் புதியதைத் தவிர்த்தவர்களுக்கும் ஒரு பிரிவு வேண்டும். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்ட்டால் வருகிறது என்கிறார்கள். கொட்டாத கன்கிரீட்டுக்கும் ஒரு கைதட்டல் நியாயம்தான்.

கடைசியாக, அந்த ஒரே ஒரு விண்ணப்பம். சாலையோரத் தாங்கு சுவர், சின்ன வேலை. இரண்டாம் பக்கத்தில் பச்சையாக எழுதியிருந்தார்கள்: சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வெளியேற வைத்த துளைகளின் கீழ் வரிசையை டிராயிங்கில் தாழ்வாகப் போட்டுவிட்டோம். சைட்டில் இருந்த மேஸ்திரி, "நடைபாதை போட்டா இந்த ஓட்டை எல்லாம் மண்ணுக்குள்ள போயிடுமே" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. ஈரம் கோத்த மண்ணோடு தண்ணீரும் சேர்ந்து தள்ளினால் அந்தச் சுவர் நின்றிருக்காது. வரிசையை உயர்த்தினோம். மேஸ்திரியின் பெயரையும் போட்டிருந்தார்கள்.

குழுவில் ஒருவர், தப்பை ஒப்புக்கொண்டதற்கு மதிப்பெண் குறைக்க வேண்டாமா என்றார். ஒரு மணி நேரம் வாக்குவாதம். இரண்டாம் பரிசுதான் வாங்கித்தர முடிந்தது. கேடயத்தில் நிறுவனத்தின் பெயரைப் பொறித்தார்கள், மேஸ்திரியின் பெயருக்கு இடம் போதவில்லை என்றார்கள். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கக் காலி.