காத்திருக்கிறவனை வாயை மூடச் சொல்லாதீர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அநியாயமாகச் சிறைப்பட்ட விசுவாசிக்கு அழகு மௌனமாகப் பொறுப்பதா, நியாயம் கேட்டுக்கொண்டே காத்திருப்பதா? நான் இரண்டாவது அணி.

எதிரணித் தோழர், எகிப்தில் பொய்ப்பழியால் சிறைப்பட்ட யோசேப்பைக் காட்டினார். பழி சுமந்தான், வாயே திறக்கவில்லை, தேவன் பார்த்துக்கொண்டார் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆதியாகமம் 40-ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் வேகமாகப் புரட்டிவிட்டார் போலிருக்கிறது. தன்னோடு சிறையிலிருந்த, எகிப்து ராஜா பார்வோனின் பானபாத்திரக்காரனுக்குக் கனவின் அர்த்தத்தைச் சொன்ன கையோடு யோசேப்பு என்ன கேட்கிறான்? என்னை நினைத்துக்கொள், பார்வோனிடம் சொல்லி வெளியே எடுத்துவிடு, இங்கே அடைக்கும்படி நான் ஒன்றும் செய்யவில்லை என்கிறான். இது முறையீடு இல்லாமல் வேறென்ன? உதவி பெற்றவன் மறந்தே போனான். மேலும் இரண்டு வருஷம் ஓடியது. அதே யோசேப்புதான் அன்று காலை சக கைதிகளைப் பார்த்து, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று விசாரித்தவன். தன் வழக்குக்கே நாதியில்லை. அடுத்தவன் முகவாட்டம் கண்ணில் படுகிறது! விசுவாசம் என்று நான் சொல்வது இதைத்தான், பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதை அல்ல.

சரி, அப்போஸ்தலர் பவுலுக்கு வருவோம். செசரியாவில் இரண்டு வருஷம் காவல். ரோம ஆளுநர் பேலிக்ஸ் அடிக்கடி கூப்பிட்டுப் பேசினானே, வேத ஆர்வத்திலா? பணம் வரும் என்று எதிர்பார்த்தான் என அப்போஸ்தலர் நடபடிகள் 24 ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. பவுல் லஞ்சம் கொடுத்ததாக ஒரு வரி இல்லை. வாயை மூடிக்கொண்டதாகவும் இல்லை. அடுத்த ஆளுநராகப் பெஸ்து வந்து, எருசலேமில் விசாரணைக்கு வருகிறாயா என்றதும், ‘இராயனுக்கு அபயமிடுகிறேன்’ என்றார்; ரோமப் பேரரசரிடமே மேல்முறையீடு செய்தார்.

இங்கே எதிரணி ஒரு நல்ல அடி அடித்தது. அபயமிடாதிருந்தால் விடுதலையாகியிருக்கலாம் என்று, அவர் வழக்கைக் கேட்ட அகிரிப்பா ராஜாவே சொன்னானே, கேட்டதால்தானே தாமதம் என்றார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எருசலேம் போகும் வழியில் அவரைக் கொல்லப் பதிவிருக்க ஏற்பாடு நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரோமாவிலும் நீ சாட்சி கொடுக்க வேண்டும் என்று கர்த்தர் முன்பே சொல்லியிருந்தார். பவுல் அந்த வாக்கையும் நம்பினார், சட்டம் தந்த உரிமையையும் பயன்படுத்தினார். இரண்டுக்கும் நடுவே சண்டையே இல்லை.

இயேசு மௌனமாயிருந்தாரே என்பீர்கள். பிலாத்துவுக்கு முன்னால் இருந்தார், மறுக்கவில்லை. ஆனால் பிரதான ஆசாரியனுக்கு முன்னால் சேவகன் அறைந்தபோது, நான் சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டாரே!

கேட்டால் கதவு திறந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. யோவான் ஸ்நானன் சிறையிலிருந்து, வருகிறவர் நீர்தானா என்று இயேசுவிடம் ஆளனுப்பிக் கேட்டார். பதில் வந்தது, விடுதலை வரவில்லை; தலைதான் போயிற்று. ஆனாலும் கேள்வி கேட்டதற்காக இயேசு அவரைக் குறைசொல்லவில்லை. அவரிலும் பெரியவன் எழும்பவில்லை என்றார்.

கடைசியாக, அடுத்து வரும் எதிரணித் தோழருக்கு ஒரு கேள்வி. பவுலும் சீலாவும் பிலிப்பி சிறையில் நள்ளிரவில் பாடினார்கள் என்று உருகினீர்கள். விடிந்ததும் அதிகாரிகள் விட்டுவிடச் சொன்னபோது, விசாரிக்காமல் எல்லோர் முன்னிலும் அடித்துவிட்டு ரகசியமாக அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்று பவுல் அடம்பிடித்தாரே, அதே அதிகாரத்தில். அந்த வசனத்தை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? பதிலுக்காக உட்காருகிறேன், நடுவர் அவர்களே.