ஆய்வேட்டில் இடம்பெறாத படங்கள்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு என்று நம் எல்லைப் பக்கத்து ஊர்களில் தெருவுக்கு ஒரு பிள்ளையாவது இப்போது பிஎச்.டி. செய்கிறது. வீட்டிலும் கல்யாண வீட்டிலும் அந்தப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இன்னும் முடியலையா?" 2022-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. அத்தனை காலமும் என்னதான் செய்கிறாய் என்று கேட்டால், பாவம், அதற்கு வாயில் பதில் வராது. ஆய்வேட்டிலும் இருக்காது. ஆய்வேட்டில் முடிவு இருக்கும், நடந்தது இருக்காது.

நடந்ததைச் சொல்லப் புகைப்படம் உதவும். ஆய்வாளர்கள் தங்கள் வேலையைத் தாங்களே படமெடுத்துக் கண்காட்சியாக மாட்டுவது எப்படி என்றுதான் இன்று பேசப்போகிறேன். வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தில் ஆய்வைப் படமாகக் காட்டும் போட்டியை 2009-இல் தொடங்கினார்கள். 1990-களில் சீனாவின் யூனான் மாகாணத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்ற இருவர் கிராமத்துப் பெண்கள் கையில் கேமராவைக் கொடுத்து, உங்கள் வாழ்க்கையை நீங்களே எடுங்கள், பிறகு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுவோம் என்றார்கள். எடுத்தவரே பேச வேண்டும், அதுதான் அந்த முறையின் உயிர். ஆய்வாளர்களுக்கும் அது அப்படியே பொருந்தும்.

ஒரு படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நேரம் போனாலும் பரவாயில்லை. டி.என்.ஏ.வின் முறுக்கு வடிவத்தைக் காட்டிக்கொடுத்த 'படம் 51' பள்ளிக்கூடப் பாடத்தில்கூட வருகிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 1952 மே மாதம் எடுத்தது. அதன் பின்னால் இருந்த விஞ்ஞானி ரோசலிண்ட் பிராங்க்ளின் பெயர் பலருக்குத் தெரியும். அவரோடு அந்தப் படத்தை எடுத்த ரேமண்ட் காஸ்லிங் அப்போது பிஎச்.டி. மாணவர். நம் பிள்ளைகள் மாதிரியே நெறியாளர் மாறிய அவஸ்தையும் அவருக்கு உண்டு. முதலில் மாரிஸ் வில்கின்ஸ், அப்புறம் பிராங்க்ளின், அவர் வேறு இடத்துக்குக் கிளம்பியதும் மறுபடியும் வில்கின்ஸ். அந்தப் படம் வில்கின்ஸ் கைக்குப் போனதே இந்த மாற்றத்தில்தான். முடியைவிட மெல்லிய ஒரு டி.என்.ஏ. இழை, அது காய்ந்துவிடாமல் ஈரத்தைக் காக்க வேண்டும், அதன் மேல் 60 மணி நேரத்துக்கும் மேலாக எக்ஸ்-ரே விழ வேண்டும். அவ்வளவு பாடுபட்டு வந்த படம் உலகம் முழுக்கத் தெரிகிறது. அந்த 60 மணி நேரத்தை, ஈரம் சரியாக இருக்கிறதா என்று ராத்திரியில் எட்டிப் பார்த்த முகத்தை, நாம் எங்கே பார்த்தோம்? நான் கேட்பது அந்த ராத்திரியின் படத்தைத்தான்.

ஆனால் கண்காட்சிக்கு என்று சொன்னால் வருவது என்ன? மலைப்பாதையில் முதுகைக் காட்டி நிற்கும் ஓர் உருவம், கீழே 'விடாமுயற்சி'. புத்தக அடுக்கு, மேலே மூக்குக்கண்ணாடி. கருவிக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டோடு சிரிப்பு. இவற்றில் எதுவுமே எந்த ஆய்வு என்று சொல்லாது. வேதியியல்காரர் படத்தில் தமிழ் ஆய்வாளர் பெயரை ஒட்டினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. அப்படிப் பெயரை மாற்றி ஒட்ட முடிகிற படத்தைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. வாரத்தில் ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை என்று வையுங்கள். அன்று நடந்த வேலையிலிருந்து ஒரே ஒரு படம். வேலை நடக்கவில்லை என்றால் நடக்காததை எடுங்கள்: பூட்டிய ஆய்வகம், மின்சாரம் போன குளிர்பெட்டி, பேச வருகிறேன் என்றவர் வராத திண்ணை. அன்றைக்கே நோட்டில் இரண்டு வரி: என்ன நடந்தது, இதை ஏன் எடுத்தேன். மூன்று வருஷத்தில் நூற்றைம்பது படம் சேரும். இரண்டு வரி எழுதாத படம், ஒரு வருஷம் கழித்து எடுத்தவருக்கே புரியாது.

கல்வெட்டு ஆய்வை எடுத்துக்கொள்வோம். எழுத்தைத் தாளில் படியெடுக்க, கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித்தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, தாள் அரைகுறையாகக் காயும்போது மையை ஒற்றுகிறார்கள். காற்று அடித்தால் தாள் ஓரத்திலிருந்து தூக்கும்; அதிகம் தட்டினால் கிழியும்; ஈரம் மிஞ்சினால் மை ஊறி வட்டெழுத்து மொத்தமும் கறையாகும். நம் கணவாய்க் காற்றில் இது மூன்றும் நடக்கும். நல்ல படி ஆய்வேட்டின் பின்னிணைப்புக்குப் போகட்டும். கிழிந்த தாளும், அதைப் பிடித்திருக்கிற மை படிந்த விரல்களும்தான் கண்காட்சிக்கு வேண்டும். கல்லையே எடுப்பதானால், காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள், எழுத்தின் நிழல் பள்ளத்தில் நிற்கும். நிழலான மண்டபம் என்றால் செல்போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக ஃப்ளாஷ் அடித்தால் எழுத்து மறைந்துவிடும். எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸ் பூசாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். கல்லுக்குக் கேடு.

கேமரா? செல்போன் போதும். லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள்; பாதிப் படங்கள் மங்குவது விரல் எண்ணெயால்தான். திரையை விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள், நடந்து கிட்டே போங்கள். ஆய்வகத்தில் விளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு முறை மினுக்குகிறது. கேமராவின் புரோ மோடில், அதாவது அமைப்பை நாமே மாற்றும் முறையில், ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் பெரும்பாலும் கோடு போய்விடும். செடி, பூ எடுப்பவர்களுக்கு ஆனி, ஆடிக் காற்றில் எதுவும் நிற்காது. விடியற்காலையில் போங்கள், ஓர் அட்டையைக் காற்று வரும் பக்கம் பிடிக்க ஆள் வையுங்கள்.

அடுத்தது படக்குறிப்பு. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். படம் பாதி, குறிப்பு பாதி. அறுபது சொல் போதும். முதல் வாக்கியத்தில் படத்தில் இருப்பது, அடுத்ததில் படத்தில் தெரியாதது, மூன்றாவதில் அதற்குப் பிறகு நடந்தது. 'சவால்கள் நிறைந்த கள ஆய்வு' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. "இது ஒரு மணி நேரப் பேச்சின் எழுத்துப்படி. சிவப்பு மை இருக்கும் இடமெல்லாம் பாட்டி சொன்னது தமிழா மலையாளமா என்று என்னால் முடிவு செய்ய முடியாத இடம். ஒலிப்பதிவை எடுத்துக்கொண்டு மறுபடியும் அவர் வீட்டுக்கே போனேன்" என்று எழுதுங்கள். சித்தூர்ச் சந்தையில் பேச்சைக் கேட்டவர் யாரும் அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிடுவார். குறிப்பை வீட்டிலிருக்கும் அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். அவர் எங்கே "அப்படீன்னா?" என்கிறாரோ அந்தச் சொல்லை மாற்றுங்கள். மறுபடியும் சொல்கிறேன், குறிப்பு இல்லாத படத்தைச் சுவரில் மாட்டாதீர்கள்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள், மூன்று நிமிஷம்தான் இருக்கிறது. தேர்வு முறையைச் சுருக்கிவிடுகிறேன். நூற்றைம்பதிலிருந்து முப்பதைச் சின்னதாக அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். வேறு துறை நண்பர் ஒருவர் எட்டைப் பொறுக்கட்டும். உங்களுக்குப் பிடித்த அழகான படம் அதில் விழாது, விட்டுவிடுங்கள். அச்சுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பன்னிரண்டு மெகாபிக்சல் படம் 12-க்கு 18 அங்குலத்துக்குத் தாராளமாக வரும். ஃபிளெக்ஸ் வேண்டாம், பளபளப்பில்லாத தாள் போதும்.

அனுமதி பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன், இரண்டே வார்த்தை. மறையூர்ப் பக்கம் மலைக்குடிகளில் வேலை செய்பவர்கள் ஆய்வுக்கு வாங்கிய சம்மதமே கண்காட்சிக்கும் போதும் என்று நினைக்கக் கூடாது; அச்சிட்ட படத்தைக் காட்டி, எங்கே மாட்டுவோம் என்று சொல்லி, அவர்கள் மொழியிலேயே தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் கையை மட்டும் எடுங்கள், அதற்கும் கேட்டுவிட்டு. அபூர்வச் செடி, பாறை ஓவியம், சந்தன மரம் என்றால் இன்னொன்று: செல்போன் எடுக்கிற படத்துக்குள்ளேயே இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கும். கேமரா அமைப்பில் 'லொகேஷன்' என்பதை அணைத்துவிட்டு எடுங்கள். ஏற்கெனவே எடுத்த படம் என்றால், யாருக்கும் கோப்பாக அனுப்புவதற்கு முன் அந்தத் தகவலை நீக்கிவிடுங்கள்.

நேரம் ஆகிவிட்டது. நன்றி, வணக்கம்.