ரெக்ஸ் பக்கத்தில் நிறுத்துங்கள்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

திரையரங்குகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் என்னை அழைத்தபோது, படங்களைப் பற்றியா, படம் காட்டும் இடங்களைப் பற்றியா என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். நெடுங்காலமாக என் கவனம் வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையின் மேல்தான். ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போதும், இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகச் சேரும்போதும், அந்தப் பெயர் என்ன ஆகிறது என்பதைத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

சிங்கப்பூரில் மெக்கன்சி சாலையிலுள்ள ரெக்ஸ் திரையரங்கை உங்களில் பலர் அறிவீர்கள். 1946இல் திறக்கப்பட்டு 1983இல் மூடப்பட்ட அரங்கு அது. என் சித்தியின் வீடு அந்தப் பக்கம் இருந்தது. தொண்ணூறுகளில் அம்மாவுடன் டாக்சியில் அங்கே செல்லும்போதெல்லாம் அவர் ஓட்டுநரிடம் தெருப் பெயரைச் சொல்ல மாட்டார். அம்மாவுக்குத் தெரிந்தது தமிழும் பேச்சு மலாயும். ஓட்டுநர் பெரும்பாலும் வயதான சீனராக இருப்பார். “ரெக்ஸ்” என்ற ஒரே சொல்லில் இருவருக்கும் வழி விளங்கிவிடும். ஒருநாள் வந்த ஓட்டுநர் இளைஞர்; அவருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. படக்கொட்டகை என்று அம்மா விளக்க, அவர் வண்டியை மெதுவாக்கி, சுவரொட்டி ஒன்றுகூட இல்லாத அந்தக் கட்டடத்தைக் குழப்பத்துடன் பார்த்தார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. “அங்கே படம் ஓடிப் பத்து வருஷம் ஆச்சும்மா” என்றேன். “படம் ஓடலேன்னா என்னப்பா, ரெக்ஸ் அங்கதானே இருக்கு” என்றார் அம்மா.

அந்தப் பதில் என்னை விட்டு அகலவே இல்லை. 2009இல் அந்த அரங்கு இந்தியப் படங்களைத் திரையிடுவதற்காக மீண்டும் திறக்கப்பட்டபோது, புதிதாக நடத்த வந்தவர்கள் வேறு பெயர் தேடிப் போகாமல் ரெக்ஸ் என்றே வைத்தார்கள். நடை தளர்ந்திருந்த அம்மாவைக் கைபிடித்து அழைத்துச் சென்றேன். வாசலில் நின்று பலகையை எழுத்தெழுத்தாகப் படித்த பிறகே உள்ளே வந்தார். இருபத்தாறு ஆண்டுகள் அந்தப் பெயரை யாருடைய விளம்பரமும் காப்பாற்றவில்லை. டாக்சியில் ஏறியவர்களும் ஓட்டியவர்களும்தான் காப்பாற்றினார்கள். வாடகை ஒப்பந்தத்தையும் இருக்கைகளையும் படம் காட்டும் கருவிகளையும் விலைக்கு வாங்கலாம்; ஆனால் ஒரு பெயருக்கு மதிப்பைச் சேர்த்தவர்கள் பார்வையாளர்கள் என்பதால், அதை வாங்குகிறவர் நம்மிடமிருந்தும் எதையோ பெற்றுக்கொள்கிறார் என்பதே என் கட்சி.

பெயர் மாற்றத்தைக் கட்டாயமாகவும் பார்த்த ஊர் இது. 1939இல் திறக்கப்பட்ட கேத்தே திரையரங்கு, குளிரூட்டப்பட்ட அரங்கு என்பதற்காகவே மக்கள் வியந்து பேசிய இடம். ஜப்பானிய ஆட்சியில் அதற்கு டாய் தோவா கெகிஜோ என்று பெயரிட்டார்கள். கேப்பிட்டல் அரங்குக்கும் ஜப்பானியப் பெயர் வந்தது. ஆட்சி முடிந்ததும் இரண்டும் பழைய பெயர்களுக்கே திரும்பின. வானொலியில் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த ஆண்டுகளில் ஜப்பானியரின் ஒலிபரப்புத் துறையும் அதே கேத்தே கட்டடத்தில்தான் இயங்கியது.

இப்போது வணிகத்துக்கு வருவோம். கோல்டன் வில்லேஜ் என்ற நம் ஊர்த் திரையரங்குத் தொடரின் பெயரில் இரண்டு சொற்கள் இருக்கின்றன அல்லவா? கோல்டன் என்பது ஹாங்காங்கின் கோல்டன் ஹார்வெஸ்ட். வில்லேஜ் என்பது ஆஸ்திரேலியாவின் வில்லேஜ் ரோட்ஷோ. இவ்விரண்டின் கூட்டு நிறுவனம் 1992இல் யீஷூனில் பத்துத் திரைகளுடன் ஒரு வளாகத்தைத் திறந்தது. அதுவரை பெரும்பாலும் ஓர் அரங்கில் ஒரு படம் என்றிருந்த நமக்கு, ஒரே கூரையின் கீழ் எந்தப் படத்துக்குப் போவது என்று வாசலில் நின்று முடிவெடுக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது.

அதே வில்லேஜ் 1995இல் டெல்லிக்கும் சென்றது. பிரியா என்ற திரையரங்கை நடத்திவந்தவர்களுடன் கூட்டுச் சேர்ந்து, பிரியா வில்லேஜ் ரோட்ஷோ என்ற நிறுவனத்தை அமைத்தது. அதன் முதலெழுத்துகளே பிவிஆர். சென்னையில் பிவிஆர் அரங்குக்குப் போய்வரும் நம் நேயர்கள் பலர், அந்த நடு எழுத்தும் நம் ஊர் கோல்டன் வில்லேஜின் இரண்டாவது சொல்லும் ஒன்றே என்று அறிந்திருக்க மாட்டார்கள். இந்திய நிறுவனத்திலிருந்து வில்லேஜ் 2000களின் தொடக்கத்திலேயே விலகிவிட்டது. சிங்கப்பூரில் தன் பாதிப் பங்கை 2017இல் விற்றது. கூட்டாளி போய்விட்டார், பெயர் இரண்டு நாடுகளிலும் இருக்கிறது. மீண்டும் சொல்கிறேன், கூட்டாளி போன பிறகும் பெயர் இருக்கிறது.

அந்த 2017ஆம் ஆண்டைச் சற்று விளக்க வேண்டும். வில்லேஜ் தன் பாதிப் பங்கை எம்எம்2 ஏஷியா என்ற சிங்கப்பூர் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 184 மில்லியன் வெள்ளிக்கு விற்க முன்வந்தது. மறுபாதியை வைத்திருந்த ஹாங்காங் கூட்டாளி இசையாததால் அது நடக்கவில்லை. அவரே அந்தப் பங்கை வாங்கிக்கொண்டார். எம்எம்2 அதே ஆண்டில் கேத்தே சினிபிளெக்ஸ் என்ற திரையரங்குத் தொடரை 230 மில்லியன் வெள்ளிக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. பின்னர், 2020இன் இறுதியில், கோல்டன் வில்லேஜ், கேத்தே ஆகிய இந்த இரண்டு தொடர்களையும் இணைப்பது பற்றியே பேச்சு எழுந்தது, அதுவும் கைகூடவில்லை.

ஏன் இப்படி ஒன்றையொன்று தேடுகின்றன? அரங்கு நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் கடைத்தொகுதிக்குரிய வாடகையும் மின்கட்டணமும் ஊழியர் சம்பளமும் குறைவதில்லை. நுழைவுச்சீட்டுப் பணத்தில் விநியோகஸ்தருக்கும் பங்கு போகிறது. சோளப்பொரியிலும் பானத்திலும்தான் அரங்குக்கு நல்ல இலாபம். திரைகள் கூடக் கூட, கட்டட உரிமையாளரிடமும் விநியோகஸ்தரிடமும் விளம்பரதாரரிடமும் பேரம் பேசும் வலு கூடும். இந்தியாவில் பிவிஆரும் ஐநாக்ஸும் 2022இல் இணைப்பை அறிவித்தபோது இருவரிடமும் சேர்த்து 1,546 திரைகள் இருந்தன. அங்கே ஏற்கெனவே இயங்கிய அரங்குகள் தத்தம் பெயரிலேயே தொடரும், புதியவை மட்டும் இருபெயரையும் தாங்கும் என்று முடிவு செய்தார்கள். அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ராயப்பேட்டையின் சத்யம் அரங்கை நடத்திய நிறுவனத்தை 2018இல் பிவிஆர் வாங்கியபோதும் சத்யம் என்ற பெயர் அழிக்கப்படவில்லை. சென்ற முறை சென்னையில் ஆட்டோ ஓட்டுநரிடம் நான் முழுப்பெயரையும் சொல்ல, அவர் “சத்யம்தானே சார்” என்று வண்டியைக் கிளப்பினார். எனக்கு அம்மாவின் நினைவு வந்தது.

நம் கேத்தேயின் முடிவு வேறுவிதமாக அமைந்தது. ஹேண்டி சாலையில் கேத்தே கட்டடத்திலிருந்த அதன் அரங்கு 2022இல் மூடப்பட்டது. வளாகங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. வாடகை நிலுவைக்கான கோரிக்கைகள் குவிந்த நிலையில், 2025 செப்டம்பர் முதல் நாளன்று கேத்தே சினிபிளெக்ஸ் முழுவதுமாக நின்றது. அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பு ‘புரொஜெக்டர்’ என்ற திரையரங்கு நிறுவனமும் மூடப்பட்டது. கேத்தே கட்டடத்தின் முகப்பு 2003 முதல் தேசிய நினைவுச்சின்னம். முகப்பைக் காக்கச் சட்டம் இருக்கிறது. உள்ளே படம் ஓட வைக்க எந்தச் சட்டமும் இல்லை. அந்தச் சாலை வழியாகப் பேருந்தில் போகும்போது எனக்கு மனம் கனக்கிறது.

தமிழ்ப் படங்களைப் பற்றி விரிவாகப் பேசக் குறிப்பெடுத்து வந்தேன். கடிகாரம் இடம் தரவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். தொடர்கள் குறையும்போது, எந்தத் தமிழ்ப் படத்துக்கு எந்த வட்டாரத்தில் எத்தனை காட்சி என்று தீர்மானிக்கும் மேசைகளும் குறைகின்றன. இரண்டு மேசைகள் இருந்தால் ஒன்று மறுத்த படத்தை மற்றொன்று ஏற்கலாம். ஒரே மேசையென்றால் அங்கே கிடைக்கும் பதிலே இறுதி. பண்டிகை வாரத்தில் வரும் பெரிய நடிகரின் படத்துக்கு எப்படியும் காட்சி கிடைத்துவிடும். சிறிய படத்துக்குத்தான், அதுவும் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர் பார்க்கக்கூடிய மாலைக் காட்சிதான், முதலில் போகும். ஆகவே உங்கள் வட்டாரத்து அரங்கில் தமிழ்ப் படம் பிற்பகல் இரண்டு மணிக்கு மட்டும் போடப்பட்டிருந்தால், மாலைக் காட்சி வேண்டும் என்று அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள், படத்தின் பெயரையும் வளாகத்தின் பெயரையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.

நேரம் முடிந்துவிட்டது என்று ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து சைகை வருகிறது. வணக்கம்.