மூலத் தரவு எங்கே?

நேயர்களுக்கு வணக்கம்.

ஆய்வு நெறி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கருத்துத் திருட்டுதான். ஆய்வேட்டை மென்பொருளில் ஏற்றி, எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று பார்த்துவிட்டால் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். பிறர் வரியை எடுத்தவரை அந்த மென்பொருள் பிடித்துவிடும். எண்களைக் கற்பனையில் எழுதியவரைப் பிடிக்காது. அவர் எழுதியதெல்லாம் சொந்தச் சரக்கு ஆயிற்றே!

இயற்பியலில் ஒரு சம்பவம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹென்ட்ரிக் ஷோன் என்ற இளம் விஞ்ஞானி, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டரை ஒற்றை மூலக்கூறு அளவிலேயே செய்துவிட்டதாக அறிவித்தார். கட்டுரைகள் மலைக்கவைக்கும் வேகத்தில் வந்தன. அளவிடும் கருவி எதிலும் கொஞ்சம் இரைச்சல், அதாவது தற்செயலான ஏற்ற இறக்கம், இருக்கும். வரைபடத்தில் அது சிறு நடுக்கமாகத் தெரியும். ஒருமுறை விழுந்த நடுக்கம் அப்படியே மறுமுறை விழாது. ஷோனின் வெவ்வேறு சோதனைகளிலோ அதே மேடு, அதே பள்ளம்! 2002-இல் விசாரணைக் குழு 24 குற்றச்சாட்டுகளை ஆராய்ந்து, 16-இல் முறைகேடு நடந்திருக்கிறது என்றது. சோதனையில் நேரடியாகப் பதிவான மூலத் தரவைக் கேட்டால், கணினியில் இடம் போதாமல் அழித்துவிட்டேன் என்றார். முறையான ஆய்வகக் குறிப்பேடும் இல்லை. இணை ஆசிரியர்கள் மேல் முறைகேட்டுக் குற்றமில்லை என்று குழு சொல்லிவிட்டது. எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. கட்டுரையில் பெயர் போட்டுக்கொண்டவர்களில் ஒருவராவது, 'அந்தக் குறிப்பேட்டைக் கொஞ்சம் காட்டுங்கள்' என்று கேட்டிருக்க வேண்டாமா?

தொல்லியலில் ஏமாற்றக் கணினிகூட வேண்டாம். தோண்டும் இடமெல்லாம் கற்கருவி கிடைக்கிறதே, தெய்வக் கை என்று ஜப்பானில் புகழப்பட்டவர் ஷினிச்சி ஃபுஜிமுரா. அந்தக் கருவிகளை அவரே குழிக்குள் புதைத்துவைப்பதை 2000-ஆம் ஆண்டு நவம்பரில் மைனிச்சி நாளிதழ் படத்தோடு வெளியிட்டது.

பொருளாதாரத்தில் நடந்தது வேறு மாதிரி. அதில் மோசடி இல்லை, பிழை. அரசுக் கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளில் சராசரிப் பொருளாதார வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று 2010-இல் ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பேராசிரியர்கள் எழுதினார்கள். அரசுச் செலவைக் குறைக்கச் சொன்னவர்களுக்கு அது பெரிய ஆயுதம் ஆனது. தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆய்வு மாணவர் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. எழுதிக் கேட்டார், அவர்களும் எக்செல் தாளை அனுப்பிவைத்தார்கள். சராசரி போடும் கட்டத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அதோடு, சில ஆண்டுகளின் தரவைச் சேர்க்காததையும், சராசரி எடுத்த முறையையும் சரிசெய்தபோது விடை 2.2 சதவீதம் என்று 2013-இல் வெளிவந்தது. பிழை செய்தவர்களைத் திட்டுவோர் உண்டு. தாளைக் கொடுத்தார்களே, அதற்காக நான் அவர்களை மதிக்கிறேன்.

அப்படியானால் எல்லாத் தரவையும் திறந்துவைத்துவிடலாமா? அங்கேதான் சிக்கல். 1951-இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்த செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்கின்றன. 2013-இல் அந்தச் செல்களின் முழு மரபணுத்தொகுதியை ஒரு குழு பொதுவில் வெளியிட்டது. அவருடைய பேரப்பிள்ளைகளின் உடல்ரகசியமும் அதில் அடங்கியிருக்கிறது அல்லவா? குடும்பம் எதிர்த்தது, தரவு விலக்கப்பட்டது. பிறகு, விண்ணப்பித்து அனுமதி பெற்றவர்களே பார்க்கலாம் என்று ஏற்பாடானது. அனுமதி தரும் குழுவில் குடும்பத்தினருக்கும் இடம் கிடைத்தது. மானுடவியலில் தகவல் சொன்னவரின் பெயரை மறைப்பதும் இந்த வகைதான். ஊருக்கே காட்ட முடியாததைப் பொறுப்புள்ள ஒருவருக்காவது காட்டியாக வேண்டும்.

மூலத் தரவைக் காட்டச் சொல்லி யார் கேட்பது என்பதுதான் கடினமான பகுதி. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் டீடரிக் ஸ்டாப்பல் புகழ்பெற்ற சமூக உளவியலாளர். மாணவர்களை அலையவிடாமல், தரவைத் தானே திரட்டிவந்து கொடுப்பார். எவ்வளவு நல்ல வழிகாட்டி என்று தோன்றும்! திரட்டியதாகச் சொன்னவற்றில் பல அவர் உட்கார்ந்து எழுதிய எண்கள். 2011-இல் அதை வெளியே கொண்டுவந்தவர்கள் மூன்று இளம் ஆய்வாளர்கள். பரிந்துரைக் கடிதம் தரவேண்டியவர் மேலேயே புகார் கொடுப்பது என்றால் சும்மாவா? பல மாதங்கள் சத்தமில்லாமல் கவனித்து, ஆதாரம் சேர்த்துக்கொண்டுதான் துறைத் தலைவரிடம் போனார்கள். அவர் தட்டிக்கழிக்கவில்லை. அடுத்த சில வாரங்களிலேயே ஸ்டாப்பல் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அவருடைய 58 கட்டுரைகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. அந்தத் தரவை நம்பி முனைவர் பட்டம் வாங்கிய மாணவர்கள் மேல் குற்றமில்லை என்று விசாரணைக் குழுக்கள் சொல்லிவிட்டன. ஆனால் அவர்கள் ஆய்வேட்டில் இருந்த எண்கள் பொய் எண்கள்தான்.

நன்றி, வணக்கம்.