சண்டைக்குக் காரணம் மதமா? கல்லோயாவைப் பாருங்கள்

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: "மனுசர் ஏன் அடிபடுகிறார்கள், ஏன் ஒற்றுமையாகிறார்கள் என்பதை மதம் நன்றாக விளக்குகிறதா, விஞ்ஞானமா?"

விளக்கம் என்று வந்தால் நான் விஞ்ஞானத்தின் பக்கம்தான், தங்கச்சி. ஏன் என்று சொல்கிறேன்.

இன்றைய அம்பாறை மாவட்டத்தில் இருக்கிற கல்லோயாவை எடுங்கள். 1956 யூனில், சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்த நேரம், அந்தக் குடியேற்றத் திட்டத்தில் சிங்களக் கும்பல்கள் தமிழர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். அதே கல்லோயாவில் 1981 இல் இடதுகரை வாய்க்கால் விவசாயிகளைக் குழுக்களாகச் சேர்த்தார்கள். குளத்தில் தண்ணீர் குறைவு. மேல்பக்கத்துச் சிங்கள விவசாயிகள் வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்துப் பாய்ச்சி, மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே விட்டார்கள். கீழே வயல் செய்தவர்களில் தமிழரும் இருந்தார்கள். 1956 இல் இருந்த பௌத்தமும் சைவமும்தான் 1981 இலும் இருந்தன. மாறாத ஒன்றைக் காட்டி மாறிய ஒன்றை எப்படி விளக்குவது?

மதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஆளையும் சொந்தம் என்று நினைக்க வைக்கிற பலம் அதற்கு உண்டு. எப்படி நடக்க வேண்டும் என்றும் அது சொல்லும். ஆனால் எப்போது அப்படி நடக்கிறோம், எப்போது கத்தி எடுக்கிறோம் என்பதற்கு வேறு இடத்தில்தான் பதில் தேட வேண்டும்.

1954 இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் முசாபர் ஷெரிப் என்ற உளவியலாளர் 22 பெடியன்களை முகாமுக்குக் கூட்டிப்போனார். எல்லாரும் வெள்ளையர், எல்லாரும் புரட்டஸ்தாந்துக் குடும்பம், வசதியும் ஏறக்குறைய ஒன்று. இரண்டு அணியாகப் பிரித்துப் பரிசுக்குப் போட்டி வைத்தார். அவ்வளவுதான். கொடியை எரித்தார்கள், மற்ற அணியின் கொட்டிலுக்குள் புகுந்து சாமான்களைக் குழப்பினார்கள். பிறகு இரு அணியையும் ஒன்றாக இருத்திச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். சாப்பாட்டையே ஒருத்தர்மேல் ஒருத்தர் எறிந்தார்கள்! முகாமுக்குத் தண்ணீர் வராமல் போனதும்தான் சேர்ந்து தாங்கியைப் பார்க்கப் போனார்கள். நின்றுபோன லொறியைச் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்கள். ஒரே நாளில் சரியாகவில்லை, இப்படிப் பல வேலை செய்த பிறகுதான் பகை குறைந்தது.

அதனால்தான் நல்லிணக்கம் என்று நம் பக்கத்தில் ஆட்களைக் கூட்டி, பேசி, சாப்பாடு போட்டு அனுப்புகிற கூட்டங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெரும்போகத்துக்கு முன்னம் தமிழரையும் முஸ்லிம்களையும் சிங்களவரையும் ஒரே வாய்க்காலில் மண்வெட்டியோடு இறங்கக் கூப்பிடட்டும், நானும் வருகிறேன்.