போனுக்கு வீட்டில் ஓர் இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரு புகார் உண்டு. "ராத்திரி நூறு பர்சென்ட் இருந்துச்சு, காலையில பார்த்தா நாப்பதுதான் நிக்குது." போன் பழசாகிவிட்டது என்று புது பேட்டரி போட்டுப் பார்ப்பார்கள். அதுவும் அப்படியே தீரும். பல வீடுகளில் கோளாறு போனில் இல்லை, போனை வைத்திருக்கும் இடத்தில்தான். பேட்டரியைத் தின்கிற அதே இடம் நம் நேரத்தையும் தூக்கத்தையும் தின்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

நாம் பேசாதபோதும் போன் டவரோடு தொடர்பில்தான் இருக்கும். சிக்னல் நன்றாக இருந்தால் அதற்குச் சிறிதளவு சக்தி போதும். குறைந்தால் போன் தன் சக்தியைக் கூட்டிக்கொண்டு டவரை எட்டப் பார்க்கும். தொடர்பு அறுந்தால் திரும்பத் தேடும். பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை மாதிரி ஊர்களில் டவருக்கும் வீட்டுக்கும் நடுவே மலையே நிற்கிறது. வீட்டுக்குள் வந்தால் தகரக் கூரையும் கல் சுவரும் மிச்சத்தைத் தடுக்கும். அங்கே சட்டைப்பையிலேயே கிடக்கும் போன் நாள் முழுக்கத் தேடிக்கொண்டே இருக்கும். லேசாகச் சூடாகவும் இருக்கும். அந்தச் சூடு பேட்டரியின் ஆயுளையும் குறைக்கும்.

மனிதர்களும் அப்படித்தான் ஆகிறார்கள். சிக்னல் வந்து வந்து போகிற ஊரில், மெசேஜ் வந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறோம். எடுத்த கை சும்மா வைப்பதில்லை. ஒரு வீடியோ, அடுத்தது, அதற்கடுத்தது. அரைமணி நேரம் போய்விடும்.

ஆகவே போனுக்கு வீட்டில் ஓர் இடம் ஒதுக்குங்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், பெரும்பாலும் கடைசியில் இருக்கும் 'போனைப் பற்றி' என்பதைத் தொட்டு, சிம் நிலை என்ற இடத்துக்கு வாருங்கள். சில போன்களில் இது ஒரு படி உள்ளே தள்ளி இருக்கும். அங்கே சிக்னல் அளவு கழித்தல் குறியோடு, டிபிஎம் என்ற அலகில் தெரியும். 4ஜி-யில் கழித்தல் 90 என்றால் நல்ல சிக்னல். 110 என்றால் பலவீனம். 120-ஐ நெருங்கினால் பேச்சு அறுந்து அறுந்து போகும். பத்து எண் வித்தியாசம் என்றால் சிக்னல் பத்து மடங்கு வித்தியாசம். மேலே தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம், இந்த எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு அறையிலும் அரை நிமிடம் நின்று, எண் நிலைத்த பிறகு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுப்படி மூலைக்கும் டவர் பக்கத்து ஜன்னலுக்கும் பதினைந்து, இருபது வித்தியாசம் வருவது சகஜம்.

எண் நன்றாக இருக்கும் ஜன்னலோரம் ஒரு பலகை அடித்து, அதில் போனை வையுங்கள். ஜன்னல் திட்டிலேயே வைத்துவிடாதீர்கள். விடிகாலையில் மூட்டம் இறங்கும்போது கண்ணாடியின் உள்பக்கம் நீர் கோத்து, திட்டில் வழிந்து தேங்கும். கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். வெளிக்குளிரிலிருந்து போனைச் சூடான அடுப்படிக்குக் கொண்டு வந்தாலும் அதன் மேல் ஈரம் படியும். சார்ஜ் போடும் துளையில் ஈரம் என்று போன் எச்சரித்தால், துளை கீழே பார்க்க வைத்துச் சில மணி நேரம் காற்றாட விடுங்கள். அரிசிக்குள் புதைத்தால் தூசியும் மாவும்தான் உள்ளே போகும். அடுப்பருகே காய வைப்பது அதைவிட மோசம்.

இடம் முடிவானதும் ரிங் சத்தத்தை முழுக்கக் கூட்டுங்கள். உங்கள் ஊரில் 5ஜி வந்து வந்து போனால், நெட்வொர்க் பகுதியில் 4ஜி-யை மட்டும் தேர்ந்தெடுங்கள். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை வழியாகவே பேசும் வைஃபை காலிங் வசதியைப் போடுங்கள், டவரே வேண்டியதில்லை.

இனி போனிடம் நாம்தான் போக வேண்டும். வடுகபட்டியில் பூண்டு என்ன விலை என்று கேட்க வேண்டுமா, அங்கே போய் நின்று கேளுங்கள். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போடாதீர்கள், இது முக்கியம். நின்றுகொண்டு பார்க்கிறவர் வேலை முடிந்ததும் நகர்ந்துவிடுவார். சார்ஜர் வயரும் குட்டையாக இருக்கட்டும். நீள வயர் வாங்கினால் பத்தே நாளில் போன் கட்டிலுக்கு வந்துவிடும்.

"ராத்திரி அவசரம்னா என்ன செய்ய?" என்ற கேள்வி நியாயமானது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரியும், கீழே ஆஸ்பத்திரியில் யாராவது இருப்பார்கள். அதற்காகத்தான் பலரும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார்கள். 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்ற வசதியை இரவு ஒன்பது முதல் காலை ஐந்து வரை வையுங்கள். அதற்குள்ளேயே அழைப்புகள் என்ற பகுதியில், நட்சத்திரக் குறி போட்டவர்களை மட்டும் அனுமதிக்கலாம். வீட்டு ஆட்கள் நாலைந்து பேருக்கு அந்தக் குறியைப் போடுங்கள். திரும்பத் திரும்ப அழைப்பவர் என்ற வசதியையும் திறந்து வையுங்கள். அப்போது குறி இல்லாத ஒருவர்கூடப் பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் மணி அடிக்கும். உண்மையான அவசரத்தில் யாரும் இரண்டு தடவை கூப்பிடத்தான் செய்வார்கள். மணிச் சத்தம் படுக்கும் இடம் வரை கேட்கிறதா என்று முதல் நாளே வேறொரு போனிலிருந்து அடித்துப் பாருங்கள்.

வாட்ஸ்அப் குழுக்களில் பள்ளிக்கூடக் குழுவை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் 'எப்போதும்' என்று மௌனப்படுத்தலாம், குழுவை விட்டு விலக வேண்டாம். படமும் வீடியோவும் தானாக இறங்குவதை, செட்டிங்ஸில் சேமிப்பு மற்றும் டேட்டா என்ற பகுதியில் நிறுத்துங்கள். சிக்னல் குறைந்த ஊரில் பாதி இறங்கி நிற்கும் ஒரு வீடியோ பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

இந்த ஏற்பாடு பெரும்பாலும் அலாரத்தில்தான் உடைகிறது. காலையில் எழுப்ப வேண்டும் என்று போன் படுக்கைக்குத் திரும்பிவிடும். ஒரு மேசைக் கடிகாரம் வாங்கிவிடுங்கள். இன்னொன்று, போனை வைத்த கை டிவி ரிமோட்டை எடுக்கும். வேலையோடு வேலையாக ஏதாவது காதில் விழ வேண்டும் என்பது இயல்பான ஆசை. அதற்கு ரேடியோதான் பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம். பூண்டு தரம் பிரிக்கும்போது கையும் கண்ணும் வேலையில் இருக்கும், காது மட்டும் கேட்கும். மின்சாரம் போனாலும் பென் டார்ச் செல்லில் பாடும் சின்ன ரேடியோ நிற்காது.

பண்பலை ரேடியோவின் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் வருவது. அதனால்தான் கொடைக்கானல் பண்பலை 100.5 கீழே சமவெளியில் வெகுதூரம் தெளிவாகக் கேட்கிறது, மலைக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கும் சில வீடுகளில் இரைகிறது. அங்கே ஏரியலை முழுக்க நீட்டி, செட்டை ஜன்னல் பக்கம் ஓரடி ஓரடியாக நகர்த்திப் பாருங்கள். சில இடங்களில் ஓரடியிலேயே தெளிந்துவிடும். செல் மாற்றும்போது பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். மாதக்கணக்கில் கேட்காமல் வைப்பதென்றால் செல்லைக் கழற்றி வைத்துவிடுங்கள். உள்ளேயே விட்டால் அது கசிந்து, ஸ்பிரிங்கை அரித்துவிடும்.

வணக்கம்.