எத்தனை வருஷ சர்வீஸ்?

(புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், சிறுபட்டறை நடத்துகிறவர்களிடையே பேசியது)

வணக்கம். ஆள் எடுக்கும்போது நாம் முதலில் கேட்பது, "எத்தனை வருஷ சர்வீஸ்?" 20 என்று சொன்னால் உடனே நாற்காலியை இழுத்துப் போடுகிறோம். கடலூர் சிப்காட் பக்கம் பைப் வேலைக்குப் போகிற வெல்டருக்கு அந்த மரியாதை கிடைக்காது. "6ஜி அடிச்சுக் காட்டுங்க" என்பார்கள். 6ஜி என்பது ஒரு வெல்டிங் சோதனை: பைப் 45 டிகிரி சாய்வில் நிற்கும், அதைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் சுற்றிலும் வளைந்து நெளிந்து அடிக்க வேண்டும். அப்புறம் எக்ஸ்ரே எடுப்பார்கள், இல்லையென்றால் துண்டு வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) விதி இன்னும் கறார்: ஒரு வெல்டிங் முறையை 6 மாதம் தொடாமல் இருந்தால் அந்த முறையில் பெற்ற தகுதி காலாவதி.

மற்ற வேலைகளுக்கு நாம் வருடத்தை எண்ணுவதோடு சரி. ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்டார்கள். முழுப் பொருத்தத்துக்கு 1 என்று வைத்தால், அனுபவ வருடங்களுக்கும் வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பு 0.18தான். வேலையைச் செய்ய வைத்துப் பார்க்கும் சோதனைக்கு 0.54. டாக்டர்களைப் பற்றியும் 2005-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 62 மதிப்பீடுகளில் பாதிக்கு மேல், சர்வீஸ் கூடக்கூடத் தரம் இறங்குவதையே காட்டின.

அப்போ அனுபவம் வீணா? தேவனாம்பட்டினம் மீனவரிடம் போய் இதைக் கேட்டால் சிரிப்பார். வாடைக் காற்றில் வலையைத் தப்பான இடத்தில் விட்டால், படகு கரை சேர்வதற்குள்ளேயே அவருக்குத் தெரிந்துவிடும். நம் பட்டறையில் நடப்பது என்ன? லேத்தில் டர்னர் கடைந்த பீஸ் ரிஜெக்ட் ஆகி வரும். சேதி சூப்பர்வைசர் மேஜையோடு நின்றுவிடும், ரீவொர்க்கை வேறொருவர் செய்வார். கடைந்தவருக்குத் தன் தப்பு தெரியவே தெரியாது, வருடா வருடம் இன்கிரிமென்ட் மட்டும் வரும். இதில் அவரைவிட நம்மேல்தான் குற்றம் அதிகம்.

சீனியாரிட்டியையே எடுத்துவிடச் சொல்லவில்லை. முதலாளியின் செல்லப்பிள்ளைக்கு மட்டுமே சம்பளம் ஏறும் நிலை வராமல் தடுப்பது அதுதான். (பின்வரிசையில் சங்கத்துத் தோழர்கள் இருப்பது எனக்குத் தெரியும்!) சம்பளத்துக்கு அது இருக்கட்டும். ஆள் எடுக்கும்போது டிராயிங்கையும் ஒரு துண்டு ராடையும் கொடுங்கள். கடைந்து முடித்ததும் மைக்ரோமீட்டரை அவர் கையிலேயே கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். எங்கே அளவு தப்பியது, ஏன் தப்பியது என்று அவரே சொல்கிறாரா, அதைக் கவனியுங்கள். வேலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அந்த அரைநாள் கூலியைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.